கம்பெனி வீட்டுப் பந்தி

1

“அம்மா, இவங்க நமக்கு என்ன வேணும்?”

கேட்டவள் என் மகள் மாலினி. ஆறு வயது. கேட்டு மூன்று வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு குடும்பப் படம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதைப் பெரிய தாளில் ஒட்டி, ஒவ்வொரு தலைக்கும் கீழே அவர் என்ன உறவு என்று எழுத வேண்டும். நியூசிலாந்தில் ஹாமில்டன் என்கிற இந்த ஊருக்கு நாங்கள் வந்து நான்கு வருடம் ஆகிறது. வந்த பிறகு எடுத்த படங்களில் நாங்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம். பலவற்றில் இரண்டே பேர். மூன்றாவது ஆள் கேமராவைப் பிடித்திருப்பார். மாலினிக்கு அது போதவில்லை. பெட்டியைக் குடைந்து, இருப்பதிலேயே அதிகத் தலைகள் உள்ள படத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அது ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணிக் கம்பெனியின் முதலாளி வீட்டுக் கல்யாணப் படம். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். ஒரு பக்கம் நாங்கள் பெரியய்யா என்று கூப்பிடும் முதலாளி, அவர் மனைவி பெரியம்மா, மகன் மோகன் அண்ணன். மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டார். கோடியில், பட்டுச் சேலையும் கையில் சாம்பார் வாளியுமாக நான்.

“இது நீதானே? ஏன் பக்கெட் வச்சிருக்கே?”

“பரிமாறிக்கிட்டு இருந்தேன்.”

“அப்ப இவங்க நமக்கு என்ன வேணும்?”

யாரைப் பார்த்தாலும் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அத்தையா, பெரியம்மாவா, சித்தியா என்று தெரியாமல் என் பிள்ளை எல்லோரையும் ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டு வளர்ந்துவிடுமோ என்று பயம். அவள் ஒழுங்காகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்றேன்டா” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ராஜபாளையத்திலிருந்து போன் வந்தது. மோகன் அண்ணன்தான் பேசினார். ஆடிப்பூரத்தன்று ஏற்றுமதிக்கென்று தனி ஆபீஸ் திறக்கிறார்களாம். “நீ வந்துரு செங்கமலம். இதை எல்லாம் முதல்ல ஆரம்பிச்சவளே நீதானே? ஒம் வீட்டுக்காரருக்கும் நம்ம மில்லுலயே வேலை இருக்கு. ஆபீஸுக்குப் பின்னால வீடு காலியா இருக்கு. ஆடிப்பூரத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு” என்றார்.

ஆடி பிறந்துவிட்டது. இங்கே ஆடி என்றால் நடுக் குளிர்காலம். காலையில் பத்து மணி வரை தெரு தெரியாமல் மூட்டம் போட்டிருக்கிறது. ஜன்னலில் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கம்பெனி முற்றம்தான் கண்ணில் வருகிறது. சலவைத் தொட்டியிலிருந்து எடுத்த பேண்டேஜ் துணியை மூங்கில் கழிகளில் நீள நீளமாகக் காயப்போட்டிருப்பார்கள். மலைப்பக்கம் இருந்து காற்று வந்தால் அத்தனை வெள்ளையும் ஒரே மூச்சாக எழும்பி இறங்கும். அதற்குள் நடந்து போனால் பக்கத்தில் வருகிற ஆள்கூட நிழலாகத்தான் தெரிவார். இங்கே பால்காரர் வண்டி மூட்டத்துக்குள் இருந்து வரும்போது, பெரியம்மா துணியை விலக்கிக்கொண்டு வருவதுபோல் ஒரு நொடி தோன்றுகிறது.

2

எண்பதுகளின் நடுவில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா போலீஸில் ஏட்டு. பி.காம் முடித்து, இரண்டு மொழியிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். “பேங்க் பரீட்சை எழுது, கவர்மென்ட்டுன்னா நிம்மதி” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பரீட்சை முடிவு வரும் வரைக்கும் என்று சொல்லித்தான் ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

இன்டர்வியூ என்று ஒன்றும் இல்லை. பெரியய்யா, “ஏட்டையா மகளா? உக்காரும்மா. இதை ஒரு லெட்டரா அடி பாப்போம்” என்றார். அடித்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “பொறவு என்ன, நாளைல இருந்து வா” என்பதற்குள் மணி அடித்துவிட்டது. “சாப்பிட்டுட்டுப் போ.”

ஆபீஸின் பின்கதவைத் திறந்தால் முதலாளி வீட்டு ஹால். மதியம் ஆபீஸ் ஆட்கள் எல்லோருக்கும் அங்கேதான் சாப்பாடு. வரிசையாக இலை போட்டிருக்கும். பெரியம்மா தானே நின்று பரிமாறுவார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு, எங்களிடம் தமிழ், அவசரத்தில் இரண்டும் கலந்துவிடும்.

சாப்பிட்டு முடித்து, கூச்சத்தோடு என் இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். பெரியம்மாவின் குரல் ஹாலின் அந்தக் கோடியில் இருந்து வந்தது.

“ஏமம்மா, என்ன செய்ற? கீழ வை!”

பயந்துபோய் வைத்துவிட்டேன்.

“ஓட்டல்லயா சாப்பிட்ட? நம்ம வீட்டுல சாப்பிட்ட பிள்ளை இலை எடுக்கப்படாது. போ, போய்க் கையைக் கழுவு.”

குனிந்து என் எச்சில் இலையைத் தானே எடுத்தார்கள். கையில் கல் வளையல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் வரும்போதும் அந்தக் கையையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா, “தங்கமான மனுஷி” என்றாள். அப்பா மட்டும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “ஆர்டர் குடுத்தாகளா?” என்று கேட்டார். வேலைக்கான ஆர்டர் தரவில்லை. தருவார்கள் என்றேன்.

பேங்க் பரீட்சை முடிவு வந்தது. பாஸ் ஆகவில்லை. மறுபடி எழுதவும் இல்லை.

3

அந்தக் கம்பெனியின் நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சோறு தின்ற வீட்டைக் குறை சொல்கிறாள் என்று நினைப்பீர்கள்.

ஆடிப்பூரத் தேர் அன்று கம்பெனிக்கு விடுமுறை. ஆனால் எல்லோரும் வந்தாக வேண்டும். விடிவதற்கு முன்பே லாரியிலும் வேனிலுமாக ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். தேர் வரும் வழியில் கம்பெனி சார்பில் பானகமும் நீர்மோரும் கொடுப்போம். பிறகு வடம் பிடிப்போம். தொட்டியில் துணி அலசும் தேவதானத்துப் பெண்களோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு பெரியம்மாவும் வடத்தைப் பிடித்து இழுப்பார்கள். “ஏட்டி, சும்மா பிடிச்சுக்கிட்டு வாரியா, இழுக்குறியா?” என்று ஒரு சலவைக்காரப் பெண் தெரியாமல் அவர்கள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். திரும்பிப் பார்த்து அவள் வெலவெலத்துப்போக, பெரியம்மா, “இழுக்கேம்மா, இழுக்கேன்” என்று சிரித்தார்கள். பந்தோபஸ்து டியூட்டியில் இருந்த அப்பா தூரத்திலிருந்து என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். டியூட்டியில் இருக்கும்போது அவர் வீட்டு ஆட்களை அடையாளம் காட்டிக்கொண்டதாக நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதற்கு அடுத்த வருடம் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தெரு முனைக் கடைக்குப் போய் கம்பெனிக்கு போன் செய்தேன். லீவு சொல்லத்தான் செய்தேன். ஆனால் கார் வந்து நின்றது. மோகன் அண்ணன் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மதுரையில் எந்த டாக்டர், எந்த வார்டு எல்லாம் பெரியய்யா போனிலேயே பேசி முடித்திருந்தார். பெரியம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “அவிய எந்திரிச்சு நடப்பாக, நீ பயப்படாத” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்பா எழுந்து நடந்தார். கொஞ்சம் இழுத்து நடந்தார், ஆனால் நடந்தார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படித்தான். பையன் தளவாய்புரம், ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் என்று அப்பா சொன்னதும், அப்பாவுக்கு முன்னால் பெரியய்யா போய் விசாரித்துவிட்டு வந்தார். “பீடி கூட இல்ல. தைரியமா குடு.” மாலினி பிறந்தபோது சலவை முடிந்த மெல்லிய துணியாகத் தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்ப அலசிப் பஞ்சு மாதிரி ஆக்கி ஒரு மூட்டை அனுப்பினார்கள் பெரியம்மா. என் மகள் பிறந்து முதல் மாதம் முழுக்க பேண்டேஜ் துணியில்தான் சுற்றிக் கிடந்தாள். சின்னக் காயம் மாதிரி இருக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் இவர் கேலி செய்வார்.

இதையெல்லாம் எந்த கவர்மென்ட் ஆபீஸ் செய்யும்? சொல்லுங்கள்.

4

இனி மற்றது.

அப்பாவை அந்தக் காரில் ஏற்றிய நாளுக்குப் பிறகு எனக்கு லீவு கேட்க வாய் வரவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள்; இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். செட்டியார்பட்டியில் என் சித்தி மகள் கல்யாணம். அன்று சரக்கு அனுப்பும் நாள். பெரியய்யா என்னிடம், “நீ போயிட்டு வா” என்றும் சொல்லவில்லை, “போகாதே” என்றும் சொல்லவில்லை. “நம்ம சரக்கு, நாமதானம்மா பாக்கணும்” என்றார். நான் போகவில்லை. சித்தி இரண்டு வருடம் பேசவில்லை.

வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுவது, டெலக்ஸ் பார்ப்பது, சாம்பிள் அனுப்புவது எல்லாம் என் கையில்தான் ஆரம்பமானது. பெரியய்யாவுக்கு உள்ளூர் வியாபாரம் தலைகீழ்ப் பாடம். வெளிநாடு என்றால் என்னைத்தான் பார்ப்பார். ஜன்னலோரம் ஒரு மேஜையும் நாற்காலியும் எனக்கு என்று ஆனது. அங்கிருந்து பார்த்தால் துணி காயும் முற்றம் முழுக்கத் தெரியும். வெள்ளைத் துணி அலையடிக்கும்போது, அது நேரே கப்பலேறிப் பெயர் தெரியாத ஊர்களுக்குப் போய் யார் யார் காயத்தையோ மூடப்போகிறது என்று நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

பெரியய்யா மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாலினி எடுத்து வந்த படம் அதுதான். ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே நாங்கள் எல்லோரும் கல்யாண வேலைதான் பார்த்தோம். கல்யாணத்தன்று நான் பட்டுக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்காரப் போனேன். முதல் வரிசையில் இடம் இருந்தது. அந்த நேரம் பார்த்து பெரியம்மா, “செங்கா, சாம்பார் வாளி யாரும் எடுக்கலை பாரும்மா” என்றார்கள். எழுந்தேன். பந்திக்குப் பின் பந்தி. கடைசிப் பந்தி எழுந்த பிறகு இலை எடுக்க வந்த ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அடுத்த வண்டியில் உறவுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். ஹால் முழுக்க எச்சில் இலை. யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே சேலையைச் சொருகிக்கொண்டு எடுக்க ஆரம்பித்தேன்.

பாதியில் பெரியம்மா பார்த்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாவிடம் என்னைக் காட்டி, “பாத்தீகளா, எம் பிள்ளை. சொல்லாமலே செய்வா” என்றார்கள். முகம் முழுக்கப் பெருமை.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதைத்தான் இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். முதல் நாள் என்னை எடுக்கக் கூடாது என்று சொன்னதும் அதே அன்பு. அன்று எடுக்கும்போது மெச்சியதும் அதே அன்பு. இரண்டும் பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்பது யாருக்கும் தெரியாது. மறந்துவிட்டார்கள். வீட்டு ஆட்களைத்தானே சாப்பிட்டாயா என்று கேட்க மறப்பார்கள்?

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் மாப்பிள்ளை கம்பெனிக்கு வர ஆரம்பித்தார். பெரியய்யா அவரை நேரே என் மேஜைக்கு அழைத்து வந்தார்.

“மாப்பிள்ளை இங்க உக்காரட்டும்மா. வெளிநாடெல்லாம் இனி அவிய பாத்துக்கிடுவாக. நீ பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டுக்கிட்டுச் சொல்லிக் குடு.”

சொல்லிக் கொடுத்தேன். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஆனால் அந்த ஸ்டூலில் இருந்து பார்த்தால் முற்றம் தெரியாது.

5

நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டது என் வீட்டுக்காரர் யோசனை. இங்கே பால் பவுடர் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்புக்கு ஆள் தேவைப்பட்டது. புருஷன் பெண்டாட்டி இருவர் வேலை விவரமும் கேட்டிருந்தார்கள். நான் போய் பெரியய்யாவிடம் அனுபவச் சான்றிதழ் கேட்டேன். அவர் முகம் வாடியது. பிறகு, “அடி, நான் சொல்றேன்” என்றார். அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். செங்கமலம் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி, நாணயமானவள், சாவிக்கொத்தையே நம்பிக் கொடுக்கலாம், போகிற இடத்தில் அவளை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படியே இங்கிலீஷில் போயிற்று.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. என்னுடைய பதவி என்ன, பொறுப்புகள் என்ன, யாருக்குக் கீழ் வேலை பார்த்தேன் என்று கேட்டிருந்தார்கள்.

பெரியய்யா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “சாவியே குடுப்பேன்னு எழுதியிருக்கு. அதுக்கு மேல என்ன பதவி வேணுமாம் வெள்ளைக்காரனுக்கு?”

ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் யாருக்கும் தெரியவில்லை. ஏழு வருடத்தில் எனக்கு ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை.

ஜன்னலோர நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை உதவுகிற மாதிரிதான் சொன்னார். “ஜூனியர் கிளார்க்னு போட்டுருங்களேன் மாமா. அவங்களுக்கு ஏதோ ஒண்ணு வேணும்.”

நான் பெரியய்யாவைப் பார்த்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். “என்னத்தையாவது போடும்மா” என்றார். அவர் மனசு வேறு எங்கோ இருந்தது. நான் போகப்போகிறேன் என்பதில் இருந்தது. அதுகூட எனக்குத் தெரிந்தது. ஜூனியர் கிளார்க் என்று என் விரலாலேயே அடித்தேன்.

ஊருக்குக் கிளம்பும் நாள் பெரியம்மா பாத்திரம் பாத்திரமாக அடைத்துக் கொடுத்து, “பனி ஊராம்ல, பிள்ளைக்குக் காதை மூடி வை” என்று அழுதார்கள். விமானத்தில் முக்கால்வாசி தூரம் நானும் அழுதேன். கால்வாசி தூரம் அந்த இரண்டு வார்த்தையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

இங்கே எனக்குக் கிடைத்ததும் ஒரு குடும்பக் கம்பெனிதான். கிவிப் பழத்துக்கும் ஆப்பிளுக்கும் அட்டைப்பெட்டி செய்கிறார்கள். முதலாளி ரான், அவர் மனைவி ஜூன் கணக்குப் பார்க்கிறார், இரண்டு மகன்களும் மெஷினில் நிற்கிறார்கள். போர்டில் ‘அண்ட் சன்ஸ்’ என்று பார்த்ததுமே எனக்குப் பழகின வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

முதல் நாளே கையில் காகிதம் கொடுத்தார்கள். என் பதவி டெஸ்பாட்ச் ஆபீஸர். பொறுப்புகள் வரிசையாக இருந்தன. மதியம் மணி அடித்தது. நான் பின்கதவு எங்கே என்று தேடினேன். அவரவர் டப்பாவைத் திறந்து அவரவர் சாப்பிட்டார்கள். ரானும் தன் ரொட்டியை ஒரு பெட்டி மேல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, கிழிந்த காகிதத்தைத் தானே குப்பையில் போட்டார்.

போன வருடம் ரானின் அம்மா இறந்துபோனார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் சேதி வந்தது. நான் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை காலையில் இவரை எழுப்பி காரை எடுக்கச் சொல்லி, ஒரு பெரிய பாத்திரத்தில் உப்புமாவும் பிளாஸ்க் நிறையக் காபியுமாக ரான் வீட்டுக்குப் போய்விட்டேன். எங்கள் கம்பெனியில் துக்கம் என்றால் ஆபீஸ் பெண்கள் விடிவதற்கு முன்பே போய் அடுப்பங்கரையைக் கையில் எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பெண்கள் அழுவதற்கு இடம் கொடுக்க வேண்டும் அல்லவா?

இவர் காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றார். “யாரும் வரலை பாரு. ஒரு செருப்புகூட வெளிய இல்ல. ஏட்டி, கேட்டுட்டுப் போ.”

“இதெல்லாம் கேட்டுட்டா போவாங்க?”

ஜூன் கதவைத் திறந்தார். ஈரத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறைக்குள் போனேன். தொட்டியில் கிடந்த கோப்பைகளைக் கழுவினேன். ஜூன், “வேண்டாம், வேண்டாம்” என்றார். எங்கள் ஊரிலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அதற்காக யாரும் நிறுத்துவதில்லை. நானும் நிறுத்தவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அழுகையே இல்லை. ரான் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுபோய் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தார். இவள் யார், இங்கே ஏன் நிற்கிறாள் என்பது போன்ற பார்வை. பிறகு மெதுவாகக் குடித்தார்.

திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்து நின்றார். “சனிக்கிழமை உனக்கு வேலை நாள் இல்லை. காலை முழுக்க எங்களுக்காக உழைத்திருக்கிறாய். அதற்குப் பதிலாக வியாழக்கிழமை நீ விடுப்பு எடுத்துக்கொள்” என்றார். அவர் நன்றியோடுதான் சொன்னார். கண் சிவந்திருந்தது. எனக்கோ முகத்தில் தண்ணீரை வீசியதுபோல் இருந்தது. துக்கத்துக்குப் போனதற்கு ஈடு விடுப்பா?

இவர் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார். “பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் இப்படிக் கணக்குப் போட்டா, ஒனக்கு ரெண்டு வருஷம் லீவு வரும்ட்டி.”

வியாழக்கிழமை வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலில் நின்றேன். மூட்டம் மெல்ல மெல்ல விலகி, எதிர்வீட்டுக் கொடியில் யாரோ மறந்துவிட்ட வெள்ளைப் படுக்கைவிரிப்பு தெரிந்தது. ஒரே ஒரு துணி. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு நடந்து மாலினியின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பில் அம்மாக்கள் வந்து உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை படிப்பார்களாம், வியாழக்கிழமைகளில். எனக்குத் தெரியவே தெரியாது. கதவருகே என்னைப் பார்த்ததும் மாலினியின் முகம் மலர்ந்ததே, என்னைப் பார்த்து இதுவரை யாருடைய முகமும் அப்படி மலர்ந்ததில்லை. “என் அம்மா!” என்று எல்லோருக்கும் இங்கிலீஷில் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமையை எனக்குக் கொடுத்தவர் என்னை யாரோ ஒருத்தியாக நினைத்தவர். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

7

போன ஞாயிறு பெரியம்மாவே பேசினார்கள். வெளிநாடு என்பதால் இரண்டு மடங்கு சத்தம்.

“செங்கா! என்னம்மா, மோகன் சொல்லி எம்புட்டு நாளாச்சு! பதிலே காணும்?”

“யோசிச்சுக்கிட்டு இருக்கோம் பெரியம்மா.”

“என்ன யோசனை? மாப்பிள்ளை தனியாப் போயிட்டாரு, தெரியும்ல? பெரியய்யா சோறே எறங்காம கெடக்காரு. மகளும் பேரனும் கண்ணுல படுறதே இல்ல. ஒன்னைய மாதிரி ஒரு பிள்ளை வந்தாத்தான் வீடு நிமிரும்.”

“பெரியய்யா எப்படி இருக்காக?”

“ஒன் நாற்காலியை ஜன்னல் பக்கம் போடச் சொல்லிட்டாரு. பாப்பாவுக்கும் பள்ளிக்கூடத்துல சொல்லியாச்சு, ஒண்ணாப்புல. மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பிடட்டும். எல்லாம் பேசி முடிச்சாச்சு, நீ கெளம்பி வாரதுதான் பாக்கி.”

அந்த நாற்காலி ஒரு கணம் என் கண் முன்னால் வந்து நின்றது. துணி எழும்பி இறங்கியது. அந்தக் கணத்தில் சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் வாயில் வேறு ஒன்று வந்தது. இத்தனை வருடத்தில் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

“பெரியம்மா, எனக்கு என்ன பதவி?”

போனில் சிரிப்பு. நிஜமான சிரிப்பு.

“ஏமம்மா, நம்ம வீட்டுக்கு வாரதுக்குப் பதவி எதுக்கு? பனி ஊருல இருந்து இருந்து ஒனக்கும் மூளை மரத்துப்போச்சா? செத்த நேரத்துல பூஜைக்குப் போணும். ஆடிப்பூரத்துக்குள்ள சொல்லு, என்ன?”

வைத்துவிட்டார்கள். இவர், “நீ என்ன சொன்னாலும் சரி. எனக்கு ரெண்டு ஊருலயும் மெஷின் ஒண்ணுதான்” என்கிறார். பெரிய மனதுடன் சொல்வதாக நினைப்பு. பாரம் முழுக்க என் தலையில்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல மாலினியின் தட்டை எடுக்கக் கை நீட்டினேன். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நான் எடுக்கிறேன்மா. ஸ்கூல்ல எல்லாரும் அவங்கவங்க பிளேட்டை அவங்களே எடுப்போம்.” நாற்காலியில் இருந்து குதித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்தாள். எனக்குக் கொஞ்சம் வலித்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

படத்தை அவள் தாளில் ஒட்டிவிட்டாள். எல்லாத் தலைக்கும் கீழே ஏதாவது எழுதியாயிற்று: பெரியய்யாவுக்குத் தாத்தா என்று அவளாகவே போட்டுவிட்டாள். எனக்குக் கீழே ‘அம்மா’. அந்தத் தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே கோடு இழுக்க இடம் விட்டிருக்கிறாள். நான் சொன்ன பிறகு இழுப்பாளாம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களே, உங்களில் பலர் இப்படி ஒரு கம்பெனி வீட்டில் சாப்பிட்டிருப்பீர்கள். பதவியைப் பற்றி உங்களிடம் நான் கேட்கவில்லை. அது இல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பாதி நேரம் தோன்றுகிறது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு யோசனை. நாங்கள் வந்தால், என் மகள் அந்த ஹாலில் இலை முன்னால் உட்காருவாள். சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்திருப்பாள். பெரியம்மா அன்போடு, “கீழ வை” என்பார்கள்.

அப்போது அவள் வைக்கட்டுமா, வேண்டாமா? ஆடிப்பூரத்துக்குள் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.